படத்தைத் திருடினா ஜெயில்... தொலைச்சா? பைரசி சட்டம் பேசாத இன்னொரு பக்கம்!

போன பொங்கல் லீவுல ஊருக்குப் போயிருந்தப்போ, அம்மா ஒரு படம் கேட்டாங்க. எண்பதுகளோட தொடக்கத்துல, கல்யாணத்துக்கு முன்னாடி, தோழிகளோட டூரிங் டாக்கீஸ்ல மணலைக் குவிச்சு உட்கார்ந்து பார்த்த படமாம். "கடைசியில அந்தப் பொண்ணு ரயில் ஏறிப் போயிடுவாளா, இல்ல பாதியில இறங்கி வந்துடுவாளா... மறந்தே போச்சு" என்றார். கையிலதான் போன் இருக்கே, ரெண்டு நிமிஷத்துல எடுத்துக் கொடுத்துடலாம்னு கெத்தா உட்கார்ந்தேன்.

நான் சந்தா கட்டுற மூணு ஓடிடியிலும் இல்லை. டிவிடி வாங்கலாம்னா ஊரில் கடையே இல்லை. கடைசியில் ஒரு வீடியோ தளத்தில் யாரோ புண்ணியவான் ஏற்றி வைத்திருந்தார். டிவியில் இருந்து பதிவு செய்த நகல். மூலையில் சேனல் லோகோ, கீழே நகைக்கடை விளம்பரம், முகங்கள் எல்லாம் ரோஸ் பவுடர் அப்பியது போல ஒரே சிவப்பு. அம்மாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாவே தெரியலை. இடைவேளை வரைக்கும் கண்ணை எடுக்காம பார்த்தாங்க. "மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கறேன்."

மறுநாள் திறந்தால் வெறும் சாம்பல் நிறத் திரை. காப்புரிமை புகாரால் நீக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி.

புகார் கொடுத்தவர் மேல கோபப்பட முடியாது. அது அவர் சொத்து. ஆனா அவரும் அந்தப் படத்தை வேற எங்கேயும் வைக்கலை. காசு கொடுத்துப் பார்க்கிறேன்னு சொன்னாலும் பார்க்க வழியில்லை. அப்போதான் இந்தக் கேள்வி வந்துச்சு: படத்தைத் திருடுறவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கு. படத்தைத் தொலைக்கிறவங்களை யார் கேட்கிறது?

முதல்ல, பைரசி பத்தி ஒரு விஷயம் தெளிவாயிடட்டும்!

"ஏதோ காலேஜ் பசங்க டெலிகிராம்ல பார்க்கிறாங்க, அதுல என்ன பெரிய நஷ்டம்?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2024 அக்டோபரில் இ.ஒய் நிறுவனமும் இந்திய இணையம் மற்றும் மொபைல் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, 2023-ல் இந்தியாவில் பைரசியின் மதிப்பு 22,400 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. இதில் தியேட்டரில் திருடப்பட்டது மட்டும் 13,700 கோடி. மிச்சம் 8,700 கோடி ஓடிடி பக்கம்.

பெரிய ஹீரோ படம் முதல் மூணு நாளில் போட்டதை எடுத்துவிடும். சின்ன படத்துக்கு அந்த மூணு நாள் கிடையாது. வாய்வழி விமர்சனத்தை நம்பி ரெண்டாவது வாரத்துக்குக் காத்திருக்கும் படத்தை, முதல் நாள் மாலையே வரும் திருட்டுப் பிரிண்ட் அடித்துவிடும். அடிபடுறது பெரும்பாலும் முதல் படம் எடுத்த இயக்குநரும், வட்டிக்கு வாங்கிப் போட்ட தயாரிப்பாளரும்தான்.

அதனால்தான் 2023-ல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தினார்கள். தியேட்டரில் படத்தைப் பதிவு செய்தாலோ, பரப்பினாலோ குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, படத்தின் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் 5 சதவிகிதம் வரை போகலாம். 100 கோடி படம்னா 5 கோடி! 2024 ஜூலையில் 'ராயன்' படத்தைத் திருவனந்தபுரம் தியேட்டர் ஒன்றில் போனில் பதிவு செய்துகொண்டிருந்தவர் கையும் களவுமாகச் சிக்கியது ஞாபகம் இருக்கலாம்.

இதெல்லாம் தேவைதான். திருட்டு திருட்டுதான். ஆனா கதை இங்கேயே முடியலை.

தேங்காய் உடைத்து வரவேற்ற படம் எங்கே?

1931 அக்டோபர் 31. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வெளியான நாள். பம்பாயில் எடுத்த படம். பிலிம் பெட்டி ரயிலில் சென்னைக்கு வந்தபோது, ஸ்டேஷனில் இருந்து வால்டாக்ஸ் ரோட்டில் இருந்த 'கினிமா சென்ட்ரல்' வரைக்கும் ஊர்வலமாக எடுத்துப் போனார்கள் என்று சினிமா வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்கள். தேங்காய் உடைத்து, பூ தூவி, கற்பூரம் காட்டி வரவேற்பாம். இன்னைக்குக் கட்-அவுட்டுக்குப் பால் ஊத்துறோமே, அதுக்கெல்லாம் தாத்தா!

அந்தப் படத்தை இன்று பார்க்க முடியாது. ஒரு பிரிண்ட்கூட இல்லை. ஹெச்.எம்.ரெட்டி இயக்கிய படம், டி.பி.ராஜலக்ஷ்மி நாயகி, அவர் தமிழிலும் மற்றவர்கள் தெலுங்கிலும் பேசினார்கள் என்பதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வதுதான். அதே ஆண்டு வந்த இந்தியாவின் முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா'வும் இல்லை. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' இல்லை. மௌனப் பட காலத்தில் இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேல் படங்கள் எடுக்கப்பட்டன. இன்று மிச்சம் இருப்பது சில டஜன்கூடத் தேறாது. அதிலும் பல, துண்டு துண்டாக.

இவற்றை எந்த பைரசிக்காரனும் அழிக்கவில்லை. அன்றைய நைட்ரேட் பிலிம் சட்டெனத் தீப்பிடிக்கும். பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்கூட எரியும். 2003 ஜனவரியில் புனேவில் நடந்த தீ விபத்தில் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் எரிந்து போயின. அடுத்து வந்த அசிடேட் பிலிம், ஈரமும் சூடும் பட்டால் வினிகர் வாடை அடித்துச் சுருங்கும். நம்ம சென்னை வெயிலும் கடற்காத்தும் போதாதா? கலர் பிரிண்ட்களில் மற்ற சாயங்கள் வெளுத்துப் போய் சிவப்பு மட்டும் தங்கும். அம்மா பார்த்த படத்தில் எல்லார் முகமும் ரோஸ் கலரில் இருந்ததே, அதுதான் இது.

இதையெல்லாம் விடக் கொடுமை, கறுப்பு-வெள்ளை பிலிமில் வெள்ளி இருப்பதால் ஓடி முடிந்த படங்களை எடைக்குப் போட்டு வெள்ளியைப் பிரித்தெடுத்தது. ஒரு காலத்தில் ஊரையே அழ வைத்த படம், கடைசியில் கிலோ கணக்கில் போனது.

கேஸ் போட்டதால் பிழைத்த படம்

இங்கே ஒரு சுவாரஸ்யமான கதை. 1933-ல் 'மார்த்தாண்ட வர்மா' என்று ஒரு மௌனப்படம். நாகர்கோவில்காரரான ஆர்.சுந்தர்ராஜ் தயாரிப்பு, இயக்கம் பி.வி.ராவ். சி.வி.ராமன் பிள்ளை எழுதிய, திருவிதாங்கூரையே கலக்கிய மலையாள நாவல்தான் கதை. ஆனால், நாவலின் உரிமை 'கமலாலயா புக் டிப்போ' என்ற பதிப்பகத்திடம் இருந்தது. படம் வெளியானதும் பதிப்பகம் வழக்குப் போட, சில நாட்களிலேயே படப்பெட்டி தியேட்டரை விட்டுப் போனது. தயாரிப்பாளருக்கு அதோடு சினிமா ஆசையே போச்சு. இந்திய சினிமாவின் ஆரம்பகால காப்புரிமை வழக்குகளில் இதற்குத் தனி இடம் உண்டு.

ட்விஸ்ட் இனிமேல்தான். பிரிண்ட் பதிப்பகத்தின் கைக்குப் போய், அங்கேயே கிடந்தது. 1974-ல் புனே காப்பகம் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது. தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப்படங்களில் இன்று கிட்டத்தட்ட முழுசாகப் பார்க்கக் கிடைப்பது இதுதான். ஊர் ஊராக ஓடிய படங்கள் எல்லாம் தேய்ந்து, எரிந்து, எடைக்குப் போக, கோர்ட்டு கேஸில் சிக்கிய படம் பிழைத்துக்கொண்டது!

இதே கதை ஜெர்மனியில் தலைகீழாக நடந்தது. 1922-ல் வந்த 'நாஸ்ஃபெராட்டு', 'டிராகுலா' நாவலை அனுமதி இல்லாமல் சுட்டு எடுத்த பேய்ப்படம். எழுத்தாளரின் மனைவி வழக்குப் போட்டு ஜெயித்தார். எல்லாப் பிரதிகளையும் அழிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் வேறு நாடுகளுக்குப் போயிருந்த பிரதிகள் தப்பின. அந்த உத்தரவு நூறு சதவிகிதம் நிறைவேறியிருந்தால், இன்று உலகம் முழுக்க சினிமா மாணவர்கள் படிக்கும் ஒரு படம் இருந்திருக்காது.

ரெண்டு கதையிலும் சட்டப்படி நியாயம் ஒரே பக்கம்தான், உரிமையாளர் பக்கம். ஆனா படம் பிழைச்சது யார் கையிலேயோ ஒரு பிரதி மிச்சம் இருந்ததால. சட்டம் அந்தப் பிரதியைப் பத்தி யோசிக்கவே இல்லை.

உரிமை உண்டு... கடமை?

நம்ம காப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. அதன்படி ஒரு படத்தின் 'ஆசிரியர்' தயாரிப்பாளர்தான். இயக்குநர் இல்லை. இயக்குநரையும் சேர்க்கலாம் என்று 2010-ல் கொண்டுவந்த மசோதாவில் ஒரு யோசனை இருந்தது. 2012-ல் சட்டம் நிறைவேறியபோது அது கைவிடப்பட்டது.

தயாரிப்பாளருக்குப் படத்தை விற்க, வாடகைக்கு விட, திரையிட, மற்றவர்களைத் தடுக்க உரிமை உண்டு. ஆனால் அதைப் பத்திரமாக வைத்திருக்கணும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. நெகட்டிவை மாட்டுக்கொட்டகையில் போட்டு வைத்தாலும் கேட்க ஆள் இல்லை.

புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1954-ல் வந்த ஒரு சட்டம், இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியையும் நான்கு பொது நூலகங்களுக்குக் கொடுக்கணும் என்கிறது. அதில் ஒன்று எழும்பூரில் இருக்கும் நம்ம கன்னிமாரா நூலகம். ரெண்டாயிரம் பேர் படிக்கும் கவிதைத் தொகுப்புக்கு இருக்கும் இந்த ஏற்பாடு, ரெண்டு கோடிப் பேர் பார்க்கும் சினிமாவுக்கு இல்லை.

நம்ம ஊர்ல பிரச்னை இன்னும் சிக்கல். படம் எடுக்கக் கடன் வாங்குபவர், நெகட்டிவ் ரைட்ஸை ஃபைனான்சியருக்கு எழுதிக் கொடுப்பார். படம் ஊத்திக்கிட்டால் உரிமை கை மாறும். அவர் இன்னொருவருக்கு விற்பார். டிவி உரிமை ஒருவர், பாட்டு உரிமை இன்னொருவர். நெகட்டிவ் பெட்டி மட்டும் லேபிலேயே கிடக்கும், வாடகை பாக்கியோடு. சினிமா டிஜிட்டலுக்கு மாறியதும் லேப்கள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. முப்பது வருஷம் கழித்து யாராவது படத்தை மீட்கலாம் என்று வந்தால், பேப்பரில் உரிமை வைத்திருப்பவரிடம் பெட்டி இல்லை. பெட்டி இருக்கும் இடத்தில் உரிமை இல்லை. பல படங்களுக்கு உரிமையாளர் யார் என்பதே தெரியாது.

60 வருஷக் கணக்கு

"எத்தனை வருஷம்தான் காப்புரிமை? ஒரு நாள் பொதுச்சொத்து ஆகித்தானே தீரணும்?" சரியான கேள்வி. படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்து 60 வருஷம். சிவாஜி நடித்த 'கர்ணன்' 1964-ல் வந்தது. ஆக, படம் என்ற அளவில் அதன் காப்புரிமை 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்தது.

உடனே டவுன்லோடு பண்ணி மறுவெளியீடு பண்ணிடலாம்னு கிளம்பிடாதீங்க. பாட்டு வரிக்கும் இசைக்கும் தனி உரிமை உண்டு. அது படைத்தவரின் ஆயுளுக்குப் பிறகு 60 வருஷம். கண்ணதாசன் மறைந்தது 1981-ல். அவர் வரிகளுக்கு 2041 முடியும் வரை. இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. இருவர் சேர்ந்து செய்த படைப்பு என்றால், கடைசியாக மறைந்தவரின் ஆண்டில் இருந்து கணக்கு. எம்.எஸ்.வி மறைந்தது 2015. அப்போ 2075 முடியும் வரை! ஒரே படத்துக்குள் மூணு காலண்டர்.

சட்டக் கணக்கு எப்படி இருந்தாலும், நடைமுறையில் பெட்டியை வைத்திருப்பவர் திறந்து கொடுத்தால்தான் எதுவும் நடக்கும். 'கர்ணன்' அதிர்ஷ்டம் பண்ணிய படம். 2012-லேயே மெருகேற்றி டிஜிட்டலில் மறுவெளியீடு செய்தார்கள். சென்னையில் புதுப் படங்களோடு போட்டி போட்டு நூறு நாட்களைக் கடந்து ஓடியது. 2024-ல் 'கில்லி' மறுவெளியீட்டில் நீங்களே ஆடியிருப்பீங்க. பழசுக்கு மார்க்கெட் இல்லை என்ற பேச்சு பொய் என்று ரெண்டும் நிரூபித்தன. ஆனா ஸ்டார் இல்லாத, நூறு நாள் ஓடாத, அம்மா மாதிரி சிலருக்கு மட்டும் ஞாபகம் இருக்கும் படத்தை யார் ஸ்கேன் செய்வார்கள்?

'அதான் எல்லாம் டிஜிட்டல் ஆயிடுச்சே?'

இதுதான் நம்ம தலைமுறையோட பெரிய நம்பிக்கை. ஓடிடியில் இருந்தா எப்பவும் இருக்கும்னு நினைக்கிறோம். 2024 ஜனவரியில் நயன்தாரா நடித்த 'அன்னபூரணி' சர்ச்சையில் சிக்கியதும் நெட்ஃப்ளிக்ஸில் இருந்து ஒரே நாளில் காணாமல் போனது. சந்தா என்பது வாடகை வீடு. வீட்டுக்காரர் எப்போ வேண்டுமானாலும் பூட்டலாம்.

2025 ஆகஸ்ட்டில் நடந்தது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. தனுஷ் நடித்த 'அம்பிகாபதி'யை, செயற்கை நுண்ணறிவை வைத்து முடிவை மாற்றி, சோகத்துக்குப் பதிலாகச் சுப முடிவோடு உரிமை பெற்ற நிறுவனம் மறுவெளியீடு செய்தது. இயக்குநர் ஆனந்த் எல்.ராய் எதிர்த்தார். தனுஷும் தான் நடித்த படம் இது இல்லை என்று வருத்தத்தோடு அறிக்கை விட்டார். உரிமை எங்களிடம் இருக்கிறது என்பதுதான் நிறுவனம் வைத்த வாதம்.

இது 'அம்பிகாபதி'யோடு நிற்கிற விஷயம் இல்லை. நாளைக்கு உரிமையாளர் ஒரு படத்தின் பழைய வடிவத்தை எல்லாத் தளங்களில் இருந்தும் எடுத்துவிட்டு, மாற்றிய வடிவத்தை மட்டும் வைத்தால்? நம் பிள்ளைகளுக்கு அதுதான் ஒரிஜினல். அப்படி இல்லைன்னு காட்ட, எங்கேயாவது ஒரு நடுநிலையான காப்பகத்தில் பழைய பிரதி இருந்தாகணும்.

ஹார்ட் டிஸ்க்கும் சாகும். தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதியே பூட்டுப் போட்டதுதான், குறிப்பிட்ட தியேட்டருக்குக் குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் வேலை செய்யும் சாவி. சாவி இல்லாத டிஸ்க், காப்பகத்தில் இருந்தாலும் செங்கல்தான். பிலிமைக் குளுகுளு அறையில் வைத்தால் நூறு வருஷம் தாங்கும். டிஜிட்டல் கோப்பைச் சில வருஷத்துக்கு ஒருமுறை புது ஊடகத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கணும்.

அப்போ பைரசிதான் காப்பகமா?

இல்லை. இங்கேதான் குழப்பிக்கக் கூடாது. மூணு வகையைத் தனித்தனியா பார்க்கணும்.

ஒன்று, நேற்று வந்த படத்தின் தியேட்டர் பிரிண்ட். முன் சீட்டுக்காரர் தலையும் விசில் சத்தமும் கலந்த அந்த நகல் எதையும் பாதுகாக்கவில்லை. அது வெறும் திருட்டு.

இரண்டு, காசு கொடுத்தால் சட்டப்படி பார்க்கக் கிடைக்கும் பழைய படம். அதையும் டெலிகிராமில் இறக்குவது, சந்தாக் காசை மிச்சம் பிடிப்பது மட்டுமே. அதுக்குப் 'பாதுகாப்பு'ன்னு பேர் வைக்காதீங்க.

மூன்று, எங்கேயும் கிடைக்காத, உரிமையாளர் யாரென்றே தெரியாத அல்லது கண்டுகொள்ளாத படம். யாரோ ஒரு ரசிகர் வி.ஹெச்.எஸ் கேசட்டில் இருந்து ஏற்றியதுதான் உலகத்தில் நம்ம கைக்கு எட்டும் ஒரே நகல். சட்டப்படி இதுவும் மீறல்தான். ஆனா முதல் வகையையும் இதையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமா?

நம்ம அமைப்பு அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. 2017 ஆகஸ்ட்டில் இந்தியாவில் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளம் திடீரென முடங்கியது. பழைய இணையப் பக்கங்களையும் புத்தகங்களையும் சேமித்து வைக்கும், லாப நோக்கம் இல்லாத தளம் அது. காரணம், இந்திப் படங்களின் பைரசியைத் தடுக்கத் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவு. முடக்க வேண்டிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முகவரிகளின் பட்டியலில் அந்தத் தளமும் இருந்தது. திருடனைப் பிடிக்க வீசிய வலையில் நூலகர் சிக்கினார்.

அதே நேரம், அந்த ரசிகரின் நகலையும் கொண்டாடிவிட முடியாது. கேசட் நகலில் ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கும், பாட்டு பறிபோயிருக்கும், ஒளிப்பதிவாளர் உழைப்பு சேறாகியிருக்கும். அரவிந்தனின் 'தம்ப்' படத்தின் ஒரிஜினல் நெகட்டிவ் கிடைக்காதபோது, புனே காப்பகத்தில் இருந்த பிரிண்ட்தான் மீட்புக்குக் கை கொடுத்தது. ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் மீட்ட அந்தப் படம் 2022-ல் கான் விழாவில் திரையானது. காப்பகம் என்றால் அது. வெறும் அப்லோடு அந்த இடத்துக்கு வராது.

என்ன மாறணும்?

புத்தகம் போலவே, தணிக்கைச் சான்றிதழ் வாங்கும் ஒவ்வொரு படத்தின் தரமான, பூட்டு இல்லாத ஒரு பிரதி பொதுக் காப்பகத்துக்குப் போகணும். இருபது கோடி செலவழிக்கும் படத்துக்கு இது டீ செலவு.

காப்பகங்களுக்குச் சட்டத்தில் தெளிவான இடம் வேணும். 2012 திருத்தம், வணிக நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் இருக்கும் பிரதியைப் பாதுகாப்புக்காக டிஜிட்டலில் சேமிக்கலாம் என்கிறது. 'நூலகம்' என்று இருக்கிறதே தவிர 'காப்பகம்' என்ற சொல் அதில் இல்லை. தனியார் சேகரிப்பாளர் பற்றிப் பேச்சே இல்லை.

உரிமையாளர் தெரியாத படைப்புக்கு உரிமம் கேட்க 31ஏ என்று ஒரு பிரிவு ஏற்கெனவே இருக்கு. நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து, விண்ணப்பித்து, ராயல்டி கட்டி என அது ஒரு நீண்ட பாதை. சின்னக் காப்பகமும் கல்லூரித் திரைப்படச் சங்கமும் நடக்கக்கூடிய பாதையாக அது மாறணும்.

நம்ம பங்கும் இருக்கு. புதுப் படத்தின் லிங்க் வந்தால் ஃபார்வர்டு பண்ணாதீங்க. பழைய படம் மறுவெளியீடானால் தியேட்டருக்குப் போங்க, அந்த வசூல்தான் அடுத்த படத்தின் ஸ்கேன் செலவு. வீட்டுப் பரணில் தாத்தா காலத்து பிலிம் ரோல், பாட்டுப் புத்தகம், போஸ்டர் இருந்தால் எடைக்குப் போடாதீங்க. காப்பகத்துக்கு ஒரு போன் பண்ணுங்க. காளியாவின் தலையில் பாலகிருஷ்ணன் ஆடும் பால்கேவின் 'காளிய மர்தன்', புனே காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி.கே.நாயரிடம் கிடைத்ததே பால்கே குடும்பத்தார் வைத்திருந்த துண்டுகளில் இருந்துதான்.

திருடினவனுக்கு 3 வருஷம் சிறைன்னு எழுதின கையால, பாதுகாக்கிறவனுக்கு ஒரு வரி அனுமதியும் எழுதியிருக்கலாம். தயாரிப்பாளருக்கு அதனால் ஒரு டிக்கெட்கூட குறையாது.

போன வாரம் போன் பேசும்போது அம்மா கேட்டாங்க, "அந்தப் படம் திரும்ப வந்துச்சா?" இன்னும் இல்லைம்மா என்றேன். "சரி விடு, அவ பாதியில இறங்கி வந்துட்டான்னே வெச்சுக்கறேன்" என்று சிரித்தார்.

நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு க்ளைமாக்ஸை, பார்த்தவங்க ஞாபகத்துல இருந்து எழுத வேண்டிய நிலைமையில இருக்கோம். ஞாபகத்துக்கும் ஆயுசு உண்டு மக்களே!